காந்தப் பட்டைக்குத் தசை என்று பெயர் வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காந்தத்தால் வளைந்து நெளியும் ரப்பர் பட்டைகளைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்தத் துறையைப் பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே மகிழ்ச்சி. ஆனால் ‘தன் எடையைப் போல் ஆயிரம் மடங்கு தூக்கும் செயற்கைத் தசை’ என்ற தலைப்பும், பட்டையை மட்டும் காட்டிக் காந்தத்தை வெட்டிவிட்ட படமும் வாசகரை வேறு எங்கோ கூட்டிப் போய்விடுகின்றன. அந்தப் பட்டையை அசைப்பது எது, அதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது, செய்து பார்க்க நினைக்கும் மாணவர் எங்கே சறுக்குவார் என்பவை கட்டுரையில் இல்லை. அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள், எண்களை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

முதலில் அந்த ஆயிரம் மடங்கு. 10 மில்லிகிராம் எடையுள்ள பட்டையில் 10 கிராம் எடை தொங்கினால் கணக்கு ஆயிரத்தைத் தொட்டுவிடும். பத்து சென்டிமீட்டர் தையல் நூல் சில மில்லிகிராம்தான் இருக்கும். அதில் 100 கிராமைத் தொங்கவிட்டால் மடங்கு இருபதாயிரத்தைத் தாண்டும். நூலை யாரும் தசை என்பதில்லை. தாங்குவது வேறு, தூக்குவது வேறு. இந்தத் துறையில் வடிவ நினைவுப் பாலிமரில் காந்தத் தூள் கலந்து செய்யும் பட்டைகள் உண்டு. சூடாக்கினால் இளகிக் காந்தப்புலத்துக்கு ஏற்ப வளையும், ஆறினால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். அவை பெரும் எடையைத் தாங்குவது இறுகிய நிலையில். அசைவது இளகிய நிலையில். இரண்டு நிலைகளின் எண்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதினால் இல்லாத ஒரு பொருள் பிறந்துவிடுகிறது. தவிர, எடை மடங்கு என்பது உருவம் சிறுத்தாலே ஏறிவிடும் அளவு. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் பாதியாகக் குறைத்தால் எடை எட்டில் ஒன்றாகிறது, வெட்டுப்பரப்பு நான்கில் ஒன்றாகத்தான் குறைகிறது. எறும்புக்குக் கிடைக்கும் புகழும் இந்தக் கணக்கால் வந்ததுதான். தசையோடு ஒப்பிட வேண்டுமானால் வெட்டுப்பரப்புக்கு எவ்வளவு விசை என்று கேட்க வேண்டும்.

பட்டையின் உள்ளே இருப்பது மிக எளிய கலவை: சிலிக்கோன் போன்ற மென்ரப்பர், அதற்குள் சில மைக்ரான் பருமனுள்ள காந்தத் தூள். தூளில் இரண்டு இனம். கார்பனைல் இரும்பு என்பது பெரும்பாலும் 3 முதல் 5 மைக்ரான் உருண்டைகள். புலத்துக்குள் இருக்கும்வரை காந்தமாக இருக்கும், வெளியே எடுத்ததும் மறந்துவிடும். நியோடிமியம்-இரும்பு-போரான் தூளோ ஒருமுறை வலுவான புலத்தில் காந்தமாக்கினால் அந்தத் திசையை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். முதல் இனத்தைச் சீரான புலத்தில் வைத்தால் ரப்பர் கொஞ்சம் விறைக்கும், நீள மாற்றம் மிகச் சிறிது. அதிர்வைத் தணிக்கும் தாங்கிகளுக்கு அது பொருத்தம். இழுத்துச் சுருங்க வேண்டுமானால் இடத்துக்கு இடம் வலிமை மாறும் புலம் வேண்டும். மிக்லோஷ் ஸ்ரீனி என்ற ஹங்கேரிய வேதியியலாளர் 1990களில் இரும்பு ஆக்சைடு கலந்த கூழ்களை நீட்டியும் வளைத்தும் காட்டியது அப்படிப்பட்ட புலத்தில்தான். இரண்டாம் இனம் பரவலாகப் பேசப்படுவது 2018-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஸ்டுட்கார்ட்டிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மெட்டின் சிட்டியின் குழு 3.7 மில்லிமீட்டர் நீளப் பட்டை ஒன்றை உருளவும் நடக்கவும் தாவவும் நீந்தவும் வைத்தது. அதே ஆண்டு எம்.ஐ.டி.யில் ஷுவான்ஹே ஜாவோவின் குழு, காந்தத் திசையைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றி அச்சிடும் முறையைக் காட்டியது. தங்கள் கட்டுரை பேசுவது இந்த இரண்டாம் இனத்தைப் பற்றி.

இது எப்படி அசைகிறது? காந்த ஊசி வடக்கு நோக்கித் திரும்புவதைப் போலத்தான். பட்டைக்குள் உறைந்த காந்தத் திசை, வெளிப்புலத்தின் திசையோடு சேரத் திரும்பப் பார்க்கிறது. ரப்பர் திமிறுகிறது. இரண்டும் சமனாகும் இடத்தில் பட்டை வளைந்து நிற்கிறது. ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு முறுக்குவிசை என்பது காந்தமாக்கச் செறிவையும் (பட்டைக்குள் உறைந்த காந்தம் எவ்வளவு வலியது என்பதன் அளவு) வெளிப்புலத்தையும் பெருக்கினால் வருவது. நல்ல பட்டை ஒன்றில் காந்தமாக்கச் செறிவு மீட்டருக்கு 100 கிலோஆம்பியர் என்று வையுங்கள். வெளிப்புலம் 10 மில்லிடெஸ்லா. பெருக்கினால் ஆயிரம் பாஸ்கல், அதாவது ஒரு கிலோபாஸ்கல். பாலூட்டிகளின் எலும்புத்தசை சாதாரணமாகத் தருவது 100 கிலோபாஸ்கல், உச்சத்தில் 350.

ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நீளம் 20 மி.மீ., அகலம் 5 மி.மீ., தடிமன் அரை மி.மீ. ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறுமுனையை நகரவிடாமல் தடுத்து, பட்டைக்குக் குறுக்கே 10 மில்லிடெஸ்லா புலம் கொடுத்தால் தடுத்த முனையில் கிடைக்கும் விசை, மேலே சொன்ன ஒரு கிலோபாஸ்கலை வெட்டுப்பரப்பால் பெருக்கியதற்குச் சமம்: 2.5 மில்லிநியூட்டன். கால் கிராம் எடை. பட்டையின் சொந்த எடையே 0.12 கிராம். ஆக, அது தன் எடையைப் போல் இரண்டு மடங்கைத் தள்ளுகிறது. அதே தடிமனுள்ள தசை நார் 25 கிராமை இழுக்கும். நூறு மடங்கு வித்தியாசம். புலத்தைப் பத்து மடங்கு கூட்டினால் விசையும் கூடும். ஆனால் அந்தப் புலத்தை உண்டாக்குவது யார் என்ற கேள்வியும் பத்து மடங்காகிவிடும். அங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கட்டுரையைப் படித்துவிட்டுக் கல்லூரித் திட்டப்பணிக்கு இதை எடுக்கும் மாணவர்கள் இருப்பார்கள். எடுக்கட்டும். நூறு மடங்கு வலிமைக் குறைவு இருந்தாலும், கம்பி இல்லாமல், மின்கலம் இல்லாமல், நொடியில் சிறு பங்குக்குள் வடிவம் மாறும் பொருள் வேறு எளிதில் கிடைக்காது. அவர்களுக்காக அளவுகளைச் சொல்கிறோம்.

பத்து மில்லிலிட்டர் கலவைக்கு 15.2 கிராம் நியோடிமியத் தூளும் 8.6 கிராம் மென்சிலிக்கோனும் வேண்டும். இது கனஅளவில் 20 சதவீதத் தூள். பலரும் இந்த இடத்தில்தான் முதல் தவறைச் செய்கிறார்கள். ஆய்வுரையில் 20 சதவீதம் என்று படித்துவிட்டு எடையில் 20 சதவீதம் போடுகிறார்கள். தூளின் அடர்த்தி 7.6, சிலிக்கோனின் அடர்த்தி 1.07. எடையில் 20 சதவீதம் என்பது கனஅளவில் மூன்றரை சதவீதம் கூட இல்லை. பட்டை அசையவே அசையாது, மாணவர் காந்தத்தைக் குறை சொல்வார். தூளை 40 சதவீதம் வரை ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். தூள் கூடக் கூடக் காந்தம் நேர்விகிதத்தில் கூடுகிறது, விறைப்போ அதைவிட வேகமாக ஏறுகிறது. 20 சதவீதத்திலேயே ரப்பரின் விறைப்பு இரண்டு மடங்கைத் தொட்டுவிடும். அதிக வளைவு வேண்டுமானால் 20-ஐ ஒட்டி, அதிக வேலை வேண்டுமானால் 30-ஐ ஒட்டி என்பது கணக்கிலும் வருகிறது, கைப்பழக்கத்திலும் ஒத்துப்போகிறது. 30-க்கு மேல் கலவை பிசைந்த களிமண் மாதிரி ஆகி அச்சில் பாயாது.

தூளைக் காந்தமாக்காத நிலையில் வாங்க வேண்டும், அப்படியே கலக்க வேண்டும். காந்தமாக்கிய தூள் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். எந்தக் கலக்கியாலும் பிரிக்க முடியாது. பழைய காந்தங்களை உடைத்து அரைத்துத் தூளாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். அரைக்கும்போது எழும் நுண்தூள் காற்றில் தானே தீப்பற்றக்கூடியது. பற்றாமல் தப்பினாலும் மேற்பரப்பு ஆக்சிஜனேறிக் காந்தத்தைப் பிடித்துவைக்கும் திறனை இழந்துவிடும்.

சிலிக்கோன் எக்கோஃப்ளெக்ஸ் 00-30 போன்று இரு பாகமாக, சம அளவில் கலக்கும் வகையாக இருந்தால் நல்லது. தூளை முதலில் ஒரு பாகத்தில் மட்டும் சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாகக் கலக்கி, கோப்பையின் அடியையும் விளிம்பையும் வழித்துவிட்டு மீண்டும் கலக்கிய பிறகே மறு பாகத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததிலிருந்து கையில் இருக்கும் நேரம் முக்கால் மணி. உடனே வெற்றிடப் பானையில் வைத்துக் காற்றை இழுங்கள். கலவை பொங்கி மூன்று நான்கு மடங்கு எழும், பிறகு உடைந்து அமரும். கோப்பை அதற்கு ஏற்றாற்போல் பெரிதாக இருக்க வேண்டும். அமர்ந்த பிறகு இரண்டு நிமிடம் விட்டால் போதும். காற்றுக்குமிழி மிஞ்சிய பட்டை அந்த இடத்தில் மட்டும் மடங்கும். புலம் செய்த மடிப்பு என்று பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

எக்கோஃப்ளெக்ஸ் போல் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் சிலிக்கோனுக்குக் கந்தகம், வெள்ளீயச் சேர்மம், அமீன் மூன்றும் ஆகாது. லேடக்ஸ் கையுறையின் கந்தகம் பட்டாலே அந்த இடம் பிசுபிசுவென்று நின்றுவிடும். நைட்ரைல் கையுறை அணியுங்கள். ஒளியால் இறுகும் பிசினில் முப்பரிமாண அச்சு செய்து அதில் ஊற்றினாலும் இதே கதி. தொடும் பரப்பு முழுதும் இறுகாமல் போகும். கண்ணாடித் தகடு, அக்ரிலிக், டெஃப்ளான் நம்பகமானவை. பட்டை ஒட்டிக்கொண்டு வராவிட்டால் குற்றத்தை உடனே தூளின் மேல் போடாமல் அச்சை மாற்றிப் பாருங்கள்.

இறுகும்வரை தூள் சும்மா இருக்காது, மூழ்கும். ஐந்து மைக்ரான் துகள் தனியாக இருந்தால் இந்தச் சிலிக்கோனில் மணிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இறங்கும். நெருக்கமான கலவையில் அதில் மூன்றில் ஒரு பங்கு. சிறியதாகத் தெரிகிறதல்லவா? அறை வெப்பநிலையில் இறுக நான்கு மணி நேரம் ஆகிறது, பட்டையின் தடிமனோ அரை மில்லிமீட்டர். நெருக்கத்தைக் கணக்கில் எடுத்தாலும் மேலே கால் பங்குக்கு மேல் தூள் குறைந்த அடுக்கு உருவாகிவிடும். அடியில் விறைப்பும் காந்தமும் கூடுதல், மேலே இரண்டும் குறைவு. அச்சிலிருந்து எடுத்ததும் தானாகச் சுருளும் பட்டைகளின் நோய் இதுதான். துகள் 20 மைக்ரானாக இருந்தால் பதினாறு மடங்கு வேகமாக இறங்கும் என்பதால் தூள் வாங்கும்போதே அளவைக் கவனிக்க வேண்டும். மருந்து எளிது: ஊற்றியதும் 60 டிகிரி அடுப்பில் வைத்தால் அரைமணியில் இறுகிவிடும். அடுப்பில் வைக்கும்முன் தட்டு மட்டமாக இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். தடிமன் ஓரத்துக்கு ஓரம் மாறினால் பின்னால் வரும் எல்லா அளவும் வீண், ஏனென்றால் முனை விலகல் தடிமனின் வர்க்கத்துக்குத் தலைகீழ். தடிமன் இரண்டு மடங்கானால் வளைவு நாலில் ஒன்று.

அடுத்தது காந்தமாக்கம். மிக அதிகமான பட்டைகள் செத்துப்போவது இந்தப் படியில். நியோடிமியத் தூளின் காந்தத் திசையை முழுமையாகத் திருப்ப 2 முதல் 3 டெஸ்லா வேண்டும். கையில் கிடைக்கும் பெரிய நிலைக்காந்தத்தின் முகப்பில் இருப்பது அரை டெஸ்லாவுக்கும் குறைவு. பட்டையை அதன்மேல் ஒரு நாள் முழுக்க ஒட்டிவைத்தாலும் பயன் இல்லை. நேரம் இங்கே உதவாது, புலத்தின் உச்சம்தான் வேலை செய்யும். மின்தேக்கியை ஏற்றி ஒரே துடிப்பாகச் சுருளில் வெளியேற்றும் துடிப்புக் காந்தமாக்கி வேண்டும். காந்தம் தயாரிக்கும் ஆலைகளிலும் இயற்பியல் ஆய்வகங்களிலும் இருக்கும். அதைச் சொந்தமாகச் செய்ய முயல வேண்டாம் என்று மாணவர்களை மன்றாடிக் கேட்கிறோம். நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஏறிய மின்தேக்கித் தொகுதி ஒரு தொடுதலில் உயிரைப் பறிக்கும். மின்சாரத்தை அணைத்த பிறகும் ஏற்றம் உள்ளே நிற்கும்.

பட்டை எப்படி வளைய வேண்டும் என்பது காந்தமாக்கும்போது அதை எப்படி மடித்துப் பிடிக்கிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது. நேராகப் பிடித்தால் முழு நீளமும் ஒரே திசை; குறுக்குப் புலத்தில் நாணல் மாதிரி ஒரு பக்கம் சாயும். 20 மி.மீ. பட்டையைச் சுமார் 6.4 மி.மீ. விட்டமுள்ள தண்டில் ஒரு முழுச் சுற்றாகச் சுற்றிப் பிடித்துக் காந்தமாக்கி, பிறகு விரித்தால், காந்தத் திசை நீளத்தோடு ஒரு முழு வட்டம் சுழன்றிருக்கும். புலத்தில் அது அலையாக எழும். தண்டு பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலோகத் தண்டில் துடிப்பின்போது சுழல் மின்னோட்டம் பாய்ந்து தண்டு உதைத்துக்கொண்டு வெளியே பறக்கும். பட்டையை நூலால் கட்டாமல் ஒட்டுநாடாவால் முழுப் பரப்பும் ஒட்டிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் துடிப்பு வரும் கணத்தில் அது தானே நிமிர்ந்து தவறான திசையில் உறைந்துவிடும். மிக மிருதுவான ரப்பரில் இன்னொரு தொல்லையும் உண்டு: துகள்களே ரப்பருக்குள் உருண்டு திரும்புகின்றன. காந்தமாக்கியதும் ரப்பர் அவற்றைப் பழைய நிலைக்கு இழுக்கும், கிடைத்த காந்தத்தில் ஒரு பங்கு கலைந்துபோகும். 20 சதவீதத் தூளுக்கு மீட்டருக்கு 140 கிலோஆம்பியர் வரை வர வேண்டும் என்று தாள் கணக்கு சொல்லும். நடைமுறையில் அதற்குக் குறைவாகவே வரும். நாங்கள் மேலே 100 என்று எடுத்துக்கொண்டது அதனால்தான்.

இனிச் சோதனை. பட்டையைக் கிடையாக நீட்டிப் பிடித்தால் தன் எடையாலேயே முழுதும் தொங்கிவிடும். செங்குத்தாகத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் புலம் கொடுங்கள். முதல் சில முறை இழுத்து விடும்போது ரப்பர் கொஞ்சம் இளகும், எனவே பத்து முறை வளைத்த பிறகு எடுக்கும் அளவுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். விசையை மின்னணுத் தராசில் அளப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று: நுண்தராசுகள் பலவற்றின் உள்ளேயே காந்தமும் சுருளும் இருக்கின்றன. பக்கத்தில் காந்தம் கொண்டுபோனாலே எண் ஓடும். தட்டின் மேல் 30 செ.மீ. உயரமுள்ள இலேசான பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, அதன் உச்சியில் பட்டையின் முனையை அழுத்துங்கள். காந்தமாக்காத பட்டை ஒன்றையும் அதே இடத்தில் வைத்து அளந்து கழித்துவிடுங்கள். கைப்பேசிச் செயலியில் புலத்தை அளப்பதும் உதவாது. அதன் உணரி பூமியின் புலத்துக்காக வைத்தது, சில மில்லிடெஸ்லாவிலேயே எல்லையைத் தொட்டு நின்றுவிடும். மில்லிடெஸ்லாவுக்கு 13 மில்லிவோல்ட் தரும் நேர்கோட்டு ஹால் உணரி ஒன்றும் ஒரு மல்டிமீட்டரும் போதும்.

இப்போது விட்டுவந்த கேள்வி: புலத்தை உண்டாக்குவது யார்?

ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் இணை ஒன்றை, அதாவது நடுவில் சீரான புலம் தரும்படி எதிரெதிரே நிறுத்திய இரு கம்பிச்சுருள்களை, எடுத்துக்கொள்வோம். ஆரம் 10 செ.மீ., ஒவ்வொன்றிலும் ஒரு மி.மீ. தாமிரக் கம்பி 200 சுற்று. ஐந்து ஆம்பியர் ஓடினால் நடுவில் கிடைப்பது 9 மில்லிடெஸ்லா. இரு சுருளுக்கும் சேர்த்துக் கம்பி 250 மீட்டர், மின்தடை ஐந்தரை ஓம். 137 வாட் வெப்பமாகப் போகிறது. 20 மில்லிடெஸ்லா வேண்டுமென்றால் 11 ஆம்பியர், 680 வாட். விசிறி இல்லாமல் சில நிமிடம் ஓட்டினால் கம்பியின் மேல்பூச்சு கருகும். நாம் கணக்குப் போட்ட பட்டை 10 மில்லிடெஸ்லாவில் ஒரு அசைவுக்குச் செய்யக்கூடிய வேலை பத்துப் பன்னிரண்டு மைக்ரோஜூல். நொடிக்கு ஒரு அசைவு என்றால், அந்த 10 மில்லிடெஸ்லாவுக்காகச் சுருள் தின்னும் 170 வாட்டில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவானதே வேலையாகத் திரும்புகிறது. தசை தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்காவது வேலையாக மாற்றும். சுருளின் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும்: புலம் பட்டையால் தீர்ந்துபோவதில்லை. அதே இடத்தில் நூறு பட்டைகளை வைத்தாலும் 170 வாட்தான். ஆனாலும் வலிமை இருக்கும் இடம் சுருளும் அதன் மின்வழங்கியும்தான் என்பது மாறாது.

நிலைக்காந்தம் மின்சாரம் கேட்காது, தூரத்தைக் கேட்கும். விட்டம் 50 மி.மீ., உயரம் 25 மி.மீ. உள்ள நல்ல நியோடிமியக் காந்தத்தின் முகப்பின் நடுவில் 460 மில்லிடெஸ்லா இருக்கும். 2 செ.மீ. தள்ளினால் 160. 5 செ.மீ.யில் 35. 10 செ.மீ.யில் 7-க்கும் கீழ். தள்ளிப் போகப் போகப் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பச் சரிகிறது, இழுக்கும் விசை அதைவிடவும் வேகமாக. அதனால் முகப்புக்குப் பக்கத்தில் பட்டை வளைவதைவிடக் காந்தத்தை நோக்கிப் பாய்வதே அதிகமாக நடக்கும். வளைந்தது என்று எண்ணி எழுதும் பல அளவுகள் உண்மையில் இழுபட்ட அளவுகள். வளைவை மட்டும் பார்க்க வேண்டுமானால் காந்தத்தைக் குறைந்தது அதன் விட்டத்தின் அளவு தள்ளி வையுங்கள்.

இந்த அளவுள்ள காந்தங்கள் இரண்டு ஒன்றையொன்று தாவிப் பிடித்தால் இடையில் மாட்டிய விரல் நசுங்கும். இதயமுடுக்கி வைத்திருப்பவர்களுக்கு 0.5 மில்லிடெஸ்லா என்பது வழக்கமான எச்சரிக்கைக் கோடு. மேலே சொன்ன காந்தத்தின் அச்சில் அந்தக் கோடு 26 செ.மீ. தூரத்தில் விழுகிறது. பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நடக்கக்கூடிய பொருள் அல்ல அது.

கட்டுரையின் கடைசிப் பகுதி, உடலுக்குள் நீந்தி மருந்து தரும் பட்டைகள் விரைவில் வரும் என்கிறது. நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் படிக்கும் வரி அது. உடல் திசு காந்தப்புலத்தை மறைப்பதில்லை, அந்த வகையில் இது உண்மையிலேயே நம்பிக்கை தரும் வழி. 2019-ல் எம்.ஐ.டி. குழு ஒரு மி.மீ.க்கும் குறைந்த தடிமனில், மூளையின் இரத்தக்குழாய் போன்ற வளைவுகளுக்குள் காந்தத்தால் முனையைத் திருப்பிச் செலுத்தும் வழிகாட்டிக் கம்பியைக் காட்டியது. முனையை மருத்துவர் கையிலுள்ள கம்பி தள்ளுகிறது, காந்தம் திசை மட்டும் காட்டுகிறது. மேலே போட்ட கணக்குக்குப் பொருந்தும் வேலைப்பிரிவினை அது, இந்தப் பொருளுக்கு எங்கள் பார்வையில் மிகச் சரியான இடமும் அதுதான். அங்கேயும் தூளைச் சும்மா கலக்கவில்லை. ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய சிலிக்காப் பூச்சு கொடுத்தார்கள். பூச்சில்லாத நியோடிமியத் தூள் உப்புநீரில் துருப்பிடித்து, காந்தத்தையும் இழந்து, உலோக அயனிகளையும் கசியவிடும். சிலிக்கோன் மூடியிருக்கிறதே என்று இருக்க முடியாது. நீராவி சிலிக்கோனுக்குள் தாராளமாகப் போய்வரும்.

இன்னொன்று, கட்டுரை தொடாதது: நிலைத்த காந்தத் தூள் உள்ள பட்டை ஒன்று உடலில் இருந்தால் அந்த நோயாளியை எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுபோக முடியாது. அங்கே இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா. பட்டையை இழுக்கும், திருப்பும், அதற்குள் எழுதிவைத்த காந்தத் திசைகளையே அழித்து வேறாக எழுதிவிடும். படத்திலும் அந்த இடம் கறுத்த ஓட்டையாகத் தெரியும். மருத்துவப் பயன்பாட்டைப் பற்றி எழுதும்போது இதை விடக் கூடாது.

தங்களிடம் கேட்பது பெரிதல்ல. அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுங்கள். ஆயிரம் மடங்கு என்பது பட்டை தாங்கிய எடையா, அசைந்து தூக்கிய எடையா என்பதையும், பட்டை இருந்த இடத்தில் எத்தனை மில்லிடெஸ்லா புலம் இருந்தது, காந்தம் எவ்வளவு தூரத்தில் இருந்தது, வெட்டுப்பரப்பு என்ன என்பவற்றையும் கட்டுரையாளர் மூல ஆய்வுரையிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம். எத்தனை ஆயிரம் முறை வளைத்த பிறகும் அதே அளவு வளைந்தது என்ற எண் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். தசை என்ற பெயருக்கு அதுவும் ஒரு தேர்வு. இணையப் பதிப்பில் படத்தை மாற்ற வசதி இருந்தால், காந்தமும் தெரியும் முழுப் படத்தை வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காந்தப் பாலிமர் கலவைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்